லாயம் இருந்த இடம்

ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். டகோட்டாவில் எங்கள் ஊர் நிஜமாகவே ஓடியது. பதினேழு வீடு, ஒரு கடை, ஒரு கொல்லன் பட்டறை, பாதி கட்டி முடித்த தேவாலயம், அத்தனையும் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி, பனித்தரைமேல் சறுக்கிக்கொண்டே இரண்டரை மைல் போய், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. பழைய இடத்தில் இன்றைக்கு ஒரே ஒரு தனிக் கொட்டகை நிற்கிறது. உள்ளே ஓர் இரும்பு அடுப்பும், விறகும், எலி புகாத தகரப் பெட்டியில் ஓட்ஸ் தானியமும் இருக்கும். அதைக் கட்டியவள் ஓலாவா பக்கன். ஒரு வாரம் முன்னால் கட்டியிருந்தால் அவளுக்குப் பிரயோஜனப்பட்டிருக்கும்.

ஓலாவா நார்வேக்காரி. மலையும் கடலும் நெருக்கியடிக்கிற ஊரில் பிறந்தவள், இருபத்தெட்டு வயதில் புருஷன் ஹால்வோரோடு இந்தப் புல்வெளிக்கு வந்து இறங்கினாள். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம் என்று அரசாங்கம் சொன்னதை நம்பி வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஓடைக்கரையில் நாலு குடிசை எழும்பியதும் அதற்கு நொர்டால் என்று பெயர் வைத்தார்கள். வடக்குப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். பள்ளத்தாக்கு எங்கே என்று கேட்கக் கூடாது. நாலு பக்கமும் தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி அது.

ஹால்வோருக்கு உழவு கைவரவில்லை. அவனுக்குக் கைவந்தது கனமான பொருளை நகர்த்துகிற வேலை. ஓலாவாவுக்குக் குதிரை. ஊருக்குச் சாமான் வாங்க வருகிற விவசாயிகள் பத்து மைல், பதினைந்து மைல் வண்டியோட்டி வருவார்கள். அந்தக் குதிரைகளைக் கட்டித் தீனி போட ஒரு லாயம் வேண்டியிருந்தது. ஹால்வோர் அதைக் கட்டிக் கொடுத்தான், ஓலாவா நடத்தினாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி வாசலில் வந்து நின்றதும், சேணத்தை அவிழ்ப்பதற்கு முன்பே, இடுப்பில் கட்டிய ஏப்ரன் பையிலிருந்து ஒரு கை ஓட்ஸ் எடுத்துக் குதிரையின் வாயருகே நீட்டுவாள். வண்டியோட்டி வந்தவனுக்கு அதற்கப்புறம்தான் வணக்கம். “முதல்ல குதிரை, அப்புறம் மனுஷன்” என்பது அவளுடைய சட்டம். சேணத்தை அவிழ்த்து மடித்து, கதவுக்கு இடப்பக்கத்து ஆணியில் மாட்டி, முதுகில் கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் யாரும் காபிக்கு வரலாம். கட்டின புருஷனுக்கும் இதே சட்டம்தான். ஒரு தடவை ஹால்வோர் புரூனா என்கிற அவர்களுடைய பழுப்புப் பெட்டைக் குதிரைக்குக் கம்பளி போர்த்தாமல் உள்ளே வந்துவிட்டான். போட்ட சாப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள் ஓலாவா. அதற்கப்புறம் அவன் தூக்கத்தில்கூட அதை மறந்ததில்லை.

ஆறு வருஷத்தில் அந்தப் பக்கத்துக் குதிரை ஒவ்வொன்றுக்கும் அந்த லாயம் சொந்த வீடாகிவிட்டது. அது பலருடைய உயிரைக் காப்பாற்றியது. எங்கள் பக்கத்துப் பனிப்புயல் அப்படி. நீட்டிய கை தனக்கே தெரியாது. கண்ணை நம்பி ஓட்டுகிறவன் வட்டமடித்து வட்டமடித்தே சாவான். ஆகையால் புதிதாகக் குடியேறுகிறவனுக்கு ஹால்வோர் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்: புயல் பிடித்தால் லகானை விட்டுவிடு, போர்வைக்குள் குந்திக்கொள், குதிரைக்குத் தெரியும். குதிரைக்குத் தெரிந்தது. கண் தெரியாத புயலில் லகானை விட்டவர்கள் பதினோரு பேர் உயிரோடு ஓலாவாவின் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். உறைந்த தாடியோடு அவர்கள் இறங்குவதற்குள் அவள் குதிரைக்கு ஓட்ஸ் கொடுத்து முடித்திருப்பாள்.

அப்போதுதான் ரயில் வந்தது. ஓடைக்கரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று தண்டவாளத்தை இரண்டரை மைல் தெற்கே தள்ளிப் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு ஸ்டேஷன், ஒரு தண்ணீர்த் தொட்டி, வரிசையாகத் தந்திக் கம்பங்கள். ஊருக்கு யூனிஸ் என்று பெயர். யாரோ ஓர் அதிகாரியின் மகளாம், அந்தப் பெண்ணை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. மனை பிரிக்க வந்த ரயில் கம்பெனி ஏஜெண்ட் டில்டன் பூனைமாதிரி மெதுவாகப் பேசுகிற ஆள். புத்தாண்டுக்குள் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மனை இலவசம், ஆனால் பழைய இடத்தில் ஒரு பலகைகூட மிச்சம் இருக்கக் கூடாது என்றான். பழைய ஊர் மறுபடி துளிர்த்துவிடும் என்று அவனுக்குப் பயம். ஒரே ஒரு கட்டடம் நின்றாலும் எல்லோருக்கும் கொடுத்த சலுகை ரத்து.

ஹால்வோருக்கு இது திருவிழா. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் பெரிய மரச்சட்டங்களைக் கொடுத்து, பதினாறு மாடுகளைப் பூட்டி, அடுப்பு எரிந்தபடியே, புகைபோக்கியில் புகை வந்தபடியே இழுத்துக்கொண்டு போனான். தன் வீட்டை இழுத்த அன்று ஓலாவாவை உள்ளே உட்காரவைத்துக் காபி போடச் சொன்னான். இரண்டரை மைலில் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. அதை அவன் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னான் என்பதற்குக் கணக்கே கிடையாது. கடைக்கார நில்ஸ், அந்தக் காபி இந்நேரம் ஆறிப் புளித்திருக்கும், இனிமேலாவது அதைக் கீழே கொட்டு என்பான்.

முதல் கெட்ட சகுனம் டிசம்பர் மாதம் வந்தது. நில்ஸின் குதிரை கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. தேடிப் போனவர்கள் அதைப் பழைய ஊரில் கண்டார்கள். லாயம் மட்டும் அப்போது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. குதிரை மூடின கதவுக்கு முன்னால் பொறுமையாக நின்றிருந்தது. மறு வாரம் ஒருவன் குடித்துவிட்டு வண்டியிலேயே தூங்கிவிட்டான், கண் விழித்தபோது அதே கதவு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பழைய ஊரில் பேய் கூப்பிடுகிறது என்று கேலி வேறு.

ஓலாவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளைகள் மாதிரி அந்தக் குதிரைகளை அறிந்தவள் அவள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது மனுஷனுக்கு மட்டும் சொன்னதில்லை. மறுநாளே டில்டனிடம் போனாள்.

“ஐயா, இந்த ஒரு குளிர்காலத்துக்கு லாயம் அங்கேயே நிக்கட்டும். நான் தினம் போய் அடுப்பு மூட்டிட்டு வரேன். வசந்தத்துக்குள்ள குதிரைங்களைப் புது இடத்துக்குப் பழக்கிடுவேன்.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மிசஸ் பக்கன். உங்களுக்கு மட்டும் மாத்தினா மத்தவங்க என்னை என்ன கேப்பாங்க?”

“குதிரைக்கு உங்க விதி தெரியாதே ஐயா.”

டில்டன் புன்னகைத்தான். குதிரை மனை வாங்கப் போவதில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

ஊர்க்காரர்களும் அவள் பக்கம் நிற்கவில்லை. ஒரு லாயத்துக்காகப் பதினேழு குடும்பம் மனையை இழக்கவேண்டுமா என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டிசம்பர் முப்பதாம் தேதி ஹால்வோர் மாடுகளைப் பூட்டினான். ஓலாவா வழிமறித்து நிற்கவில்லை, அழவும் இல்லை. வசந்தம் வரைக்கும் லாயத்தை விட்டுவைப்பதாக வீட்டில் தனக்கு வாக்குக் கொடுத்தானே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் சங்கிலியைச் சரிபார்த்தான்.

“குதிரைக்குப் புது வீடு பழகாதுன்னா சொல்றே? மனுஷனே பழகிட்டான், ஓலாவா. ஒரு வாரம் ஓட்ஸ் போட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

லாயம் நகர்ந்தது. பழைய இடத்தில் நாலு மூலைக்கல்லும், கால்வைத்துக் கால்வைத்துத் தேய்ந்த மண்ணும் மிஞ்சின. இரண்டு நாளில் அதையும் பனி மூடிவிட்டது.

ஓலாவா தன்னால் ஆனதைச் செய்தாள். புது இடத்தில் ஒரு கைக்கு இரண்டு கையாக ஓட்ஸ் கொடுத்தாள். கிளம்பிப் போகிற ஒவ்வொருவனிடமும், இந்த வருஷம் புயல் பிடித்தால் லகானை விடாதே, எப்படியாவது தண்டவாளத்துக்கு வந்து தந்திக் கம்பத்தை ஒட்டியே வா என்று சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆறு வருஷமாக ஹால்வோர் சொன்னதற்கு நேர்மாறாக அவன் பெண்டாட்டி சொல்கிறாள் என்று கண்ணடித்துக்கொண்டார்கள். ஆகட்டும் என்று தலையாட்டியவன் பேட்டர் ஹெய்ன் ஒருவன்தான். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மன்காரன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், ஆகவே ஊர் அவனை அசடு என்று முடிவு கட்டியிருந்தது.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை வெயில் அடித்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெண்கள் கதவைத் திறந்துவைத்துத் துணி துவைத்தார்கள். வடகிழக்கே ஆறு மைலில் ஒரு விவசாயி தன் தானியக் கொட்டகையை நகர்த்தவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். ஜாக்கிகளையும் சங்கிலிகளையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லி, ஹால்வோர் புரூனாவைச் சறுக்கு வண்டியில் பூட்டினான். ஓலாவா எருமைத்தோல் கோட்டைக் கொண்டுவந்து வண்டியில் போட்டாள்.

“திரும்பி வரப்போ தண்டவாளத்தை ஒட்டியே வா, ஹால்வோர்.”

“அது ரெண்டு மைல் சுத்து.”

“சுத்தட்டுமே.”

“வெயில் அடிக்குது பாரு. அப்படியே புயல் வந்தாலும் கவலையில்லே. புரூனாவுக்குப் புது வீட்டு விலாசத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். புரூனா வாசலைத் தாண்டியதும் தலையை வடக்குப் பக்கமாகத் திருப்பியது, அவன் லகானைச் சுண்டி நேராக்கினான். ஓலாவா அதைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் கண்ணில் நின்றது அதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் காற்று சட்டென்று நின்றது. கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் போயின. வடமேற்கில் தரையை ஒட்டி ஒரு சாம்பல் சுவர் எழும்பியது. துணி காயப்போட்ட பெண்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுவதற்குள் வந்து மோதிவிட்டது. வெளியே கையை நீட்டினால் கை இல்லை. ஸ்டேஷனில் மணியை அடித்தார்கள், நின்றிருந்த எஞ்சின் விட்டுவிட்டு ஊதியது. அந்தக் காற்றில் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் கேட்டிருக்காது.

மூன்று மணி சுமாருக்கு லாயத்துக் கதவில் ஏதோ இடித்தது. ஓலாவா பாய்ந்து திறந்தாள். பேட்டர் ஹெய்ன். இரண்டு காதும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவள் கை தானாகவே பையிலிருந்து ஓட்ஸ் எடுத்துக் குதிரைக்கு நீட்டியது, கண் மட்டும் அவனுக்குப் பின்னால் இருந்த வெள்ளையைப் பார்த்தது. அவன் பின்னால் யாரும் இல்லை.

“நீங்க சொன்ன மாதிரியே லகானை விடல, அக்கா” என்றான் பேட்டர், உதடு ஒட்டாமல். “வழியெல்லாம் இது வடக்காலயே இழுத்துச்சு. என் கையே பிஞ்சு போச்சு. கம்பம் கம்பமாத் தொட்டுக்கிட்டு வந்தேன்.”

வடக்கே பழைய ஊர். ஓலாவாவுக்கு அதற்குமேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பத்தடி போவதற்குள் நில்ஸும் இன்னும் இரண்டு பேரும் கடைக்கும் லாயத்துக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து அவளை மடக்கி உள்ளே இழுத்துப்போட்டார்கள். ஹால்வோர் எங்கே இருப்பான் என்று தனக்குத் தெரியும், விடுங்கள் என்று திமிறினாள். தெரிந்தாலும் போக முடியாது, போனால் இரண்டு பிணம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்தக் காற்றில் இரண்டரை மைல் என்பது வேறு உலகம்.

டில்டனும் வந்திருந்தான். அவளைத் தேற்றுவதாக நினைத்து அவன் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

“பயப்படாதீங்க மிசஸ் பக்கன். உங்க குதிரைக்கு வழி தெரியும்னு எல்லாரும் சொல்றாங்களே.”

“அதுக்குத் தெரிஞ்ச வழியை நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்க” என்றாள் ஓலாவா. “நாங்களும்தான்.”

காற்று மறுநாள் காலைவரை ஓயவில்லை. அவள் லாயத்துக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள் என்று பேட்டர் பிற்பாடு சொன்னான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமானது. குளிர் மட்டும் கத்தியாக இருந்தது. நாலு பேர் வண்டி பூட்டினார்கள். ஓலாவா கேட்காமலே ஏறிக்கொண்டாள். வடகிழக்குப் பாதையில் தேடலாம் என்று நில்ஸ் சொன்னான். லகானைப் பிடித்தவன் அப்படியே திருப்பவும் பார்த்தான். குதிரைகள் கேட்கவில்லை, நேரே பழைய ஊரைப் பார்த்து நடந்தன. யாரும் அவற்றைத் தடுக்கவில்லை.

பனியில் பாதி புதைந்த சறுக்கு வண்டிக்கு அப்பால் புரூனா தூரத்திலிருந்தே தெரிந்தது. வெட்டவெளியில், நாலு மூலைக்கல்லுக்கு நடுவே, லாயம் இருந்தபோது தன் தடுப்பு எங்கே இருந்ததோ சரியாக அங்கே நின்றிருந்தது. இல்லாத சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத தீனித் தொட்டிக்கு நேராகத் தலையைத் தொங்கவிட்டிருந்தது. மூக்கைச் சுற்றிப் பனி கட்டிப்போயிருந்தது. உயிரோடு இருந்தது.

அதன் முதுகில் எருமைத்தோல் கோட்டு இருந்தது.

நில்ஸ் முதலில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. குதிரையைக் காப்பாற்றத் தன் கோட்டைக் கொடுத்திருக்கிறான் மகராசன் என்றான். இல்லை, குதிரையை அவிழ்த்து ஊருக்கு அனுப்பப் பார்த்திருப்பான் என்றான் இன்னொருவன். ஓலாவா பனியைக் கையால் தள்ளினாள். சேணம் அகப்பட்டது. ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. கதவு இருந்த இடத்துக்கு இடப்பக்கம், ஆணி இருந்திருக்கவேண்டிய இடத்துக்கு நேர்கீழே.

குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டால் கடைசியில் மனுஷனுக்குப் புத்தி மாறும், கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹால்வோர் லகானை விட்டிருக்கிறான், குதிரை நின்றிருக்கிறது. குதிரை நின்றால் லாயம். அவனுக்கு லாயத்துக்குள் வந்துவிட்டதாகவே தோன்றியிருக்கிறது. முதலில் குதிரை, அப்புறம் மனுஷன். சேணத்தை அவிழ்த்து, மடித்து, மாட்டி, போர்த்திவிட்டு, காபி குடிக்கப் போயிருக்கிறான்.

வீடு இருந்த திசையில் பன்னிரண்டு அடி தள்ளி அவன் கிடந்தான். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது, கதவைத் திறக்கப் போகிறவன் மாதிரி. அந்த லாயத்தைத் தன் கையாலேயே பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் ஆகவில்லை.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓலாவா அவன் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்திலிருந்த பனியைத் துடைத்தாள். “எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே, ஹால்வோர்” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். கணவனுக்காக மட்டும் அவள் அழவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கையால், இதுதான் வீடு, இதுதான் வீடு என்று அந்தப் பிராணிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

அப்போது புரூனா வந்தது. விறைத்த காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அவள் பின்னால் வந்து நின்று, பனி கட்டிய மூக்கால் அவளுடைய ஏப்ரன் பையை முட்டியது. வந்து நின்று ஒரு ராத்திரி முழுக்க ஆகியும் யாரும் கொடுக்கவில்லை என்று கேட்பது மாதிரி மறுபடியும் முட்டியது. நில்ஸ் அதைத் துரத்தக் கையை ஓங்கினான்.

“விடு, நில்ஸ்” என்றாள் ஓலாவா.

கையைப் பைக்குள் விட்டாள். ஒரு கை ஓட்ஸ் எடுத்து நீட்டினாள்.